நாற்பத்து மூன்றாம் எண்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றிருந்தன. அசோகன் தேரடி நிறுத்தத்திலேயே பேருந்தை விட்டு இறங்கி, லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். பகல் ஒரு மணி. வானம் மூடிக் கிடந்தது. கடல் பக்கமிருந்து வந்த காற்றில் உப்பும் டீசலும் கலந்து வீசின.

சுந்தரி மகாலின் வாசலில் வரலட்சுமி காத்திருந்தாள். மண்டபத்தின் முழுப் பொறுப்பும் அவளுடையது. ஐம்பது வயது, கனத்த உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து.

"வா தம்பி. தாவூது பாய் போன் பண்ணாரு. உனக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்து பாத்துட்டு மிசின் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. நீயாவது இன்னான்னு பாரு."

"பாக்கறேங்க்கா."

"எட்டு மாசமா அத்த துணி போட்டு மூடி வெச்சிக்கீறேன். கல்யாணத்துக்கு வர்ற சனம்லாம் அதாண்ட வந்து நின்னு, இன்னாது இதுன்னு கேக்குது. இன்னான்னு சொல்றது?" அவள் குரல் தணிந்தது. "அந்தத் தம்பி இருந்தா அஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டுப் போயிருக்கும்."

அசோகன் லேப்டாப் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். 'அந்தத் தம்பி' என்றால் இக்னேஷியஸ்.

இக்னேஷியஸும் அசோகனும் ஒரே வாரத்தில்தான் தாவூது பாயின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வண்ணாரப்பேட்டையில் இருந்த அந்தக் கடை, மேடை விளக்கு, ஒலிபெருக்கி, மின்திரை எல்லாம் பொருத்திக் கொடுக்கும். அசோகன் வியாசர்பாடி, இக்னேஷியஸ் ராயபுரம். இருவரும் ஒரே டீயைப் பிரித்துக் குடித்தவர்கள்தான். ஆனால் இக்னேஷியஸ் தொட்டால் எந்த இயந்திரமும் இணங்கியது. மூடியைத் தட்டி, "இன்னாடா செல்லம், இன்னா பேஜாரு உனக்கு?" என்று கேட்பான். அது உடனே உயிர் பெறும். அசோகன் புத்தகத்தைப் பார்த்து, வரிக்கு வரி சரியாகச் செய்வான். அப்படியும் எங்காவது ஒன்று இடிக்கும். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் "இக்னேஷியஸை அனுப்புங்க பாய்" என்றுதான் கேட்டார்கள். அசோகனுக்கு நிச்சயதார்த்தம் நடந்த அன்று மைக் ஊளையிட, விருந்துக்கு வந்திருந்த இக்னேஷியஸ் எழுந்து போய் ஒரு திருகு திருகினான். இன்றுவரை மாமியார் வீட்டில் முதலில் விசாரிப்பது, "உன் தோஸ்து எப்டி கீறாரு?" என்பதுதான். அவன் செத்த பிறகுகூட ஒரு தடவை மறந்து போய்க் கேட்டுவிட்டார்கள்.

போன வருடம் ஐப்பசியில்தான் சுந்தரி மகாலுக்கு அந்தத் திரை வந்தது. துபாயில் ஒரு கண்காட்சிக்குப் பயன்பட்டு, கழித்துப் போட்டு, துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய பழைய சரக்கு. மேடையின் பின்சுவரை மறைக்கும் அளவுக்குப் பெரியது. திரைக்குப் பின்னால், சுவருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே, ஒரு ஆள் குந்தி உட்காரும் அகலத்தில் ஒரு சந்து. அங்கேதான் படத்தை ஆட்டிவைக்கும் பெட்டி இருந்தது. கேமராவிலிருந்து வரும் படத்தை வாங்கி, திரையின் அளவுக்கு வெட்டி, நிறமும் வெளிச்சமும் சேர்த்து அனுப்பும் பெட்டி. வந்த வழியில் அதன் முகப்பு நொறுங்கிப் போயிருந்தது. பொத்தான் எதுவும் வேலை செய்யவில்லை. லேப்டாப்பை சீரியல் கேபிளால் மாட்டி, கட்டளைகளை ஒவ்வொரு வரியாகத் தட்டித்தான் அதோடு பேச முடியும். கட்டளை சரியென்றால் 'ஓகே' என்று பதில் வரும்.

ஒரு நிபந்தனை. ஒவ்வொரு கட்டளையின் தலையிலும் அந்தப் பெட்டியின் அடையாள எண் இருக்கவேண்டும். ஆலையிலிருந்து வரும்போது எண் ஒன்று. வேண்டுமானால் இருநூற்று ஐம்பத்தைந்துவரை எதையும் வைத்துக்கொள்ளலாம். எண் தவறினால் பெட்டி வாயைத் திறக்காது. செத்ததுபோல் கிடக்கும்.

பொருத்தி முடித்த அன்று மாலை, இக்னேஷியஸ் வரலட்சுமியைக் கேமராவின் முன்னால் நிறுத்தி, அவள் முகத்தைத் திரையில் வரவழைத்துக் காட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நானா இது? இவ்ளோ லட்சணமாவா கீறேன்?" தாவூது பாயும் வந்திருந்தார். எல்லார் முன்னாலும் அவன் தோளில் கைபோட்டு, "இவன்தான்ப்பா சிங்கப்பூர் டிரெய்னிங்குக்குப் போறான். கம்பெனிக்காரனே கூப்பிட்டுக்கினு கீறான். நாளைக்கு சாயங்காலம் ரிசப்ஷன், இவனே தனியா வந்து பாத்துப்பான்" என்றார்.

அவர்கள் டீ குடிக்க வெளியே போனார்கள். அசோகன் திரைக்குப் பின்னால் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். லேப்டாப் திறந்தே இருந்தது.

ஒரே ஒரு வரிதான். பெட்டியின் எண்ணை ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்றாக மாற்றினான்.

அவன் நினைத்ததெல்லாம் ஒரு மாலை நேரத்து அவமானம். நாளை மாப்பிள்ளை பெண் மேடை ஏறும்போது திரை கருப்பாக நிற்கும். இக்னேஷியஸ் வியர்த்து வழிவான். ஒரு தடவையாவது எல்லாரும் அவனைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் பேய்மழை. திரை கருப்பாகத்தான் நின்றது. இக்னேஷியஸ் பின்னால் போய் உட்கார்ந்தவன் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கூரையில் ஒழுகிய தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, தரையில் கிடந்த மின்இணைப்புப் பலகையைத் தொட்டதை அவன் கவனிக்கவில்லை.

ஆறரை மணிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எட்டு மாதம் அசோகன் அந்தப் பக்கமே வரவில்லை. போன வாரம் தாவூது பாய் சொன்னார், அந்தத் திரையை யார் உயிர்ப்பிக்கிறார்களோ அவர்களே சிங்கப்பூருக்கு என்று. சிங்கப்பூர் என்றதும் அசோகனுக்கு இக்னேஷியஸின் தோளில் கிடந்த அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. "நான் போறேன் பாய்" என்றான்.

வரலட்சுமி மேடைக்கு ஏறி, அழுக்குத் துணியை இழுத்துத் தள்ளினாள். கருப்புத் திரை தூசியோடு நின்றது. மண்டபத்தில் நாற்காலிகள் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. பழைய சாம்பாரும் வாடிய கனகாம்பரமுமாக ஒரு நாற்றம். ஜன்னல் கண்ணாடியில் மழையின் முதல் துளிகள் விழுந்தன.

"இந்தா." அவள் ஒரு சின்ன நோட்டை நீட்டினாள். "அன்னிக்கு அந்தத் தம்பி கையில இருந்துச்சு. போலீஸ்காரங்க பாத்துட்டு திருப்பிக் குடுத்தாங்க. அவங்க அம்மாவாண்ட குட்த்துடுப்பா. எனக்கு அவங்க மூஞ்சியைப் பாக்கத் தைரியம் இல்ல."

அசோகன் பிரித்தான். ஒரு பக்கம் முழுக்க எண்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒவ்வொன்றையும் நேர்கோடு போட்டு அடித்திருந்தான். அழகான, அவசரமில்லாத கையெழுத்து.

கடைசியாக அடிக்கப்பட்டிருந்தது நாற்பத்திரண்டு.

அசோகன் அந்த எண்ணின் மேல் விரல் வைத்தான். அவனுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, துக்கமும் அல்ல. கண்டுபிடித்துவிட்டானே என்ற எரிச்சல். யாரும் சொல்லாமல், எண் மாறியிருக்கிறது என்று தானாகவே ஊகித்து, வரிசையாகத் தேடி, ஒரு எண் தூரத்தில் வந்து நின்றிருக்கிறான். இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் அதிலும் ஜெயித்திருப்பான்.

நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, கேமராவை வரலட்சுமியின் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, குனிந்து சந்துக்குள் நுழைந்தான்.

உள்ளே இருட்டு. பெட்டியின் சின்னப் பச்சை விளக்கும் லேப்டாப்பின் வெளிச்சமும் மட்டும். சுவரில் தண்ணீர் இறங்கிய கறை பழுப்பாகக் காய்ந்திருந்தது. தரையில் புதிதாகச் சிமெண்ட் பூசி, மின்இணைப்புகளையெல்லாம் சுவரில் உயர்த்தி மாட்டியிருந்தார்கள். அவன் குந்தி உட்கார்ந்து, கேபிளை மாட்டி, நாற்பத்து மூன்று என்ற எண்ணோடு ஒரு வரி தட்டினான்.

ஓகே.

எட்டு மாதத்தில் இரண்டு பேர் தோற்றுப்போன வேலை. அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. திரையின் அகலம், உயரம், கேமரா இணைப்பு, வெளிச்சம் எழுபது. ஓகே. ஓகே. ஓகே. இரும்புச் சட்டத்தின் இடுக்குகள் வழியாக வெளிச்சம் பளீரென்று உள்ளே விழுந்தது.

"வந்துச்சு! படம் வந்துச்சு!" முன்பக்கத்திலிருந்து வரலட்சுமி கத்தினாள். "ஏந்தம்பி, ஆனா மூஞ்சி ஏன் நீலமா கீது? செத்த பொணமாட்டம் கீறேன். அந்தத் தம்பி காட்டுன மாதிரி வர்லியே."

அசோகன் பல்லைக் கடித்தான். சிவப்பு அறுபது என்று தட்டினான். அனுப்பும் பொத்தானை அவன் இன்னும் அழுத்தவில்லை.

"ஆங்! இப்போ சரி! அப்டியே வுடு, கைய வெக்காதே!"

அவன் விரல் அந்தரத்தில் நின்றது. பெட்டியில் சிவப்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு ஒரு வரி அனுப்பினான். எழுபத்து நான்கு என்று பதில் வந்தது.

அவன் எழுபத்து நான்கு வைக்கவில்லை.

பழைய கணக்கு எதுவோ நினைவகத்தில் மிச்சம் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அறுபது என்று அனுப்பினான். ஓகே. வெளியே வரலட்சுமி "ஐய்யே!" என்றாள். அடுத்த கணமே, "ஆங், இதான்!" என்றாள். மறுபடி கேட்டான். எழுபத்து நான்கு. அறுபத்தைந்து வைத்தான். எழுபத்து நான்கு. வெளிச்சத்தை மாற்றினான். அதுவும் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் அவன் வைத்ததை யாரோ பொறுமையாகத் திருத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் திருத்தியதுதான் நன்றாக இருந்தது.

"அப்டியே இக்னேஷியஸ் தம்பி கை மாதிரியே கீது!" வரலட்சுமியின் குரல் தழுதழுத்தது.

அசோகனுக்குக் காது சூடேறியது. பத்து வருடத்துப் பொறாமை ஒரே மூச்சில் பொங்கி வந்தது. பெட்டியைப் பார்த்துப் பல்லிடுக்கில் சொன்னான்:

"செத்தும் வுட மாட்டியாடா நீ? இது என் வேலை. நான் பண்ணது."

பெட்டியிலிருந்து சீரியல் கேபிளைப் பிடுங்கி எடுத்தான்.

மழை இரைச்சல் சட்டென்று தூரமாகிப் போனது.

லேப்டாப்பின் கருப்புச் சன்னலில், கட்டளை தட்டும் இடத்தில், கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. அவன் கைகள் இரண்டும் அவன் மடியில் இருந்தன. பிடுங்கிய கேபிள் அவன் முழங்காலின் மேல் கிடந்தது.

1

பதில் இல்லை.

2

பதில் இல்லை.

3

எண்கள் தாமாகவே வரிசையாக இறங்கின. வேகமாக அல்ல. ஒரு மனிதன் ஒற்றை விரலால் தட்டும் வேகத்தில். தட்டி, காத்திருந்து, பதில் வராமல், அடுத்ததைத் தட்டும் வேகத்தில். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே சற்று நின்றது. அந்த நிறுத்தம் அசோகனுக்குத் தெரியும். இக்னேஷியஸ் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைக்கும் நேரம் அது.

எழுந்து ஓட நினைத்தான். கால் மரத்துப் போயிருந்தது.

17

18

ஈரத் துணியின் வாடை வந்தது. மழையில் நனைந்து, உடம்புச் சூட்டில் பாதி காய்ந்த சட்டையின் வாடை. அதன் அடியில், மெல்லியதாக, கருகிய ரப்பர்.

26

சந்தின் அகலம் ஒரு ஆளுக்குத்தான். ஆனால் அவன் இடது தோளை ஒட்டி ஏதோ இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. காய்ந்த சிமெண்ட் தரையில் அவன் உள்ளங்கை பட்ட இடம் ஈரமாக இருந்தது.

35

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. லேப்டாப்பையே பார்த்தான். கருப்புச் சன்னலின் மினுமினுப்பில் அவன் முகம் தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு முகம் இருக்குமோ என்று கண்களைச் சுருக்கிக்கொண்டான்.

40

41

42

நின்றது.

கோடு மினுங்கியது. மினுங்கியது. அடுத்த எண் வரவில்லை. எங்கோ ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

காதோரம் மூச்சு பட்டது.

"இன்னா நம்பர், மாமு?"

கோபம் இல்லை அந்தக் குரலில். குற்றச்சாட்டும் இல்லை. ஸ்பேனர் கேட்பதுபோல், பாதி டீ கேட்பதுபோல் கேட்டான். தெரிந்தவனிடம் தெரியாதவன் கேட்கும் சாதாரணக் கேள்வி. வாழ்நாளில் இக்னேஷியஸ் அவனிடம் வேலையில் ஒரு சந்தேகம் கேட்டது அதுவே முதல் தடவை.

"சொல்லு மாமு. நேரமாவுது. பொண்ணு மாப்ள வந்துடுவாங்க."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு எண். சொல்லியிருந்தால் அத்தோடு அவன் எழுந்து போயிருப்பானோ என்னவோ. அசோகனின் நாக்கு அசையக்கூடச் செய்தது. ஆனால் சொன்னால் பெட்டி பேசும். பெட்டி பேசினால் வேலையை முடித்தவன் மறுபடியும் இக்னேஷியஸ் ஆகிவிடுவான். இத்தனை பயத்துக்கு அடியிலும் அந்த ஒன்று கல்லாகக் கிடந்தது.

அசோகன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

பக்கத்தில் இருந்தது காத்திருந்தது. வெகு நேரம் காத்திருந்தது. பிறகு, நீண்ட ஒரு பெருமூச்சு அவன் கன்னத்தைத் தொட்டுப் போனது.

எப்படி வெளியே தவழ்ந்து வந்தான் என்று அவனுக்கே தெரியாது. மழைச் சத்தம் மறுபடி காதில் விழுந்தது. மேடைக்குக் கீழே வரலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பின்னால் திரை முழுக்க அவள் முகம். தோலின் நிறம் மாறாமல், மூக்குத்தியின் ஒளி சிதறாமல், உயிரோடு நிற்பதுபோல் இருந்தது.

சீரியல் கேபிள் அசோகனின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி, மூஞ்சி வெளுத்துப் போய்க்கீது? சட்டையெல்லாம் ஈரமா கீதே. உள்ள ஒழுவுதா?"

"இல்லக்கா. வேர்வை."

"உக்காரு, காப்பி சொல்றேன். பாயாண்ட நானே போன்ல சொல்லிட்டேன், உங்க ஆளு பொழைக்க வெச்சிட்டாருன்னு."

அவன் காப்பிக்கு நிற்கவில்லை. மழையிலேயே நடந்து கடற்கரைச் சாலைக்குப் போனான். கருங்கல் தடுப்பின் மேல் ஏறி, இக்னேஷியஸின் நோட்டைப் பையிலிருந்து எடுத்தான். ராயபுரத்துக்குப் பேருந்து பிடித்தால் அரை மணி நேரத்தில் அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிடலாம். கொடுத்தால் அவள் கடைசிப் பக்கத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பாள். கேட்டுவிட்டு, என் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரன் பார் என்பாள். அசோகன் நோட்டை அலையில் எறிந்தான். அது மூழ்கும்வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினான்.

அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. சுந்தரி மகாலில் வாரத்துக்கு இரண்டு கல்யாணம் நடந்தது, திரை ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. தாவூது பாய் இப்போது எல்லார் முன்னாலும் அசோகனின் தோளில் கைபோட்டார். வாடிக்கையாளர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். இரவு படுத்தால் தூக்கம் வந்தது. சந்துக்குள் நடந்ததெல்லாம் காற்றில்லாத இடத்தில் மூச்சு முட்டியதால் வந்த மயக்கம் என்று அவன் நம்பத் தொடங்கினான். டிசம்பரில் விமானம் ஏறினான்.

பயிற்சி மூன்று நாள். பன்னிரண்டாவது மாடியில், சுவரெல்லாம் கண்ணாடியாக, வெயில் கொட்டும் வகுப்பறை. பல நாட்டுக்காரர்கள் பதினோரு பேர். இரண்டு பேருக்கு ஒரு மேசை, ஒரு பெட்டி. ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருந்ததால் அசோகனுக்கு மட்டும் ஜோடி இல்லை. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவனுக்கு அதுதான் பிடித்திருந்தது. யாரோடும் பங்கு போட வேண்டாம். மூன்று நாளும் அவன் தட்டிய கட்டளை ஒவ்வொன்றும் முதல் தடவையிலேயே பலித்தது. கையே தனியாக வேலை செய்வதுபோல் இருந்தது. இவ்வளவு சுலபமாக எந்த இயந்திரமும் அவனுக்கு இணங்கியதில்லை.

கடைசி நாள் மாலை, சான்றிதழ் கொடுத்து முடித்து, எல்லாரும் கைகுலுக்கிக் கிளம்பினார்கள். அசோகன் பையை மூடும்போது பயிற்சியாளர் அவன் மேசைக்கு வந்தார். நரைத்த தலை, கண்ணாடி போட்ட சீனர். ஆங்கிலத்தில் மெதுவாக, அவனுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

உங்கள் மேசையில் நடந்த வேலைதான் வகுப்பிலேயே சிறந்தது என்றார்.

அசோகன் சிரித்தான். நெஞ்சு நிறைந்தது. நன்றி சொன்னான்.

"உங்கள் நண்பரிடமும் சொல்லிவிடுங்கள்," என்றார் அவர். "நல்ல கை அவருக்கு. இருபது வருடத்தில் இப்படி ஒரு மாணவரை நான் பார்த்ததில்லை. பட்டியலில் அவர் பெயர் விட்டுப்போயிருக்கிறது, அதனால்தான் சான்றிதழ் தர முடியவில்லை."

அசோகனின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது.

பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்சம் தயங்கினார்.

"ஒன்று கேட்கலாமா? உங்கள் மொழி எனக்குத் தெரியாது. மூன்று நாளும் அவர் உங்கள் காதருகே குனிந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஒரு தடவைகூட நீங்கள் அவர் பக்கம் திரும்பவில்லை. ஏன்?"